பழைய நெல் ஆலையை வாங்கி வீடாக்கி, மேல்தட்டில் குடியிருக்கலாமா? அம்பாறை வெயிலுக்கு அது சரிவருமா?

தாராளமாகக் குடியிருக்கலாம். அம்பாறை மாவட்டத்தில், சம்மாந்துறைப் பக்கம் ஒரு பழைய றைஸ் மில்லுக்குள்தான் கலியாணமான காலத்திலிருந்து நான் குடும்பம் நடத்துகிறேன். பிள்ளைகள் பிறந்து வளர்வதும் அங்கேதான்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேரப்போகிறவர் போலத் தெரிகிறது. நியூயோர்க் படங்களில் வரும் செங்கல் சுவர் வீடுகள் மனதில் இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடங்கள் வேறு மாதிரி. நியூயோர்க்கின் சோஹோ பகுதியில் ஓவியர்கள் குடியேறியவை பல மாடித் தொழிற்கூடங்கள். அங்கே கலைஞர்கள் சட்டப்படி குடியிருக்கலாம் என்று 1971-ல்தான் அனுமதி வந்தது. மாடிக்கு மேல் மாடி இருப்பதால், நேரடி வெயிலை வாங்குவது உச்சி மாடி மட்டும். நம் ஆலை ஒரே கூடம். எங்களுடையது 25 அடி உயரம், அதற்கு மேல் நேராகத் தகடு. சூடான காற்று மேலேதான் போகும். அங்கே பலகை அடித்து மேல்தட்டு போட்டால், சூடு தேங்குகிற இடத்தில் போய்ப் படுக்கிறீர்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற மாதங்களில் பகலில் அங்கே யாராலும் இருக்க முடியாது.

அதனால் நாங்கள் மேல்தட்டைக் கூடத்தின் பாதிக்கு மட்டும், 10 அடி உயரத்திலேயே போட்டோம். பகலெல்லாம் கீழே, இரவில் மேலே. முகட்டில் ஆவியும் தூசும் வெளியேற வைத்திருந்த சின்னக் கூரையை அடைத்துவிடச் சொல்லி மேசன் ஒற்றைக்காலில் நின்றார், வௌவால் வருமாம். கம்பி வலை அடித்து அதைத் திறந்தபடியே விட்டோம். எங்கள் வீட்டுக்கு மூச்சே அதுதான்.

மில் எனக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். வாப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்பிள்ளைகள். எங்கள் பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். இரண்டு ராத்தாமாருக்கும் வயலை விற்று வீடு கட்டிக் கொடுத்தார். என் முறை வரும்போது விற்க வயலும் இல்லை, மில்லும் ஓடவில்லை. பெரிய ஆலைக்காரர்கள் அறுவடை நேரத்தில் வயலுக்கே லொறி அனுப்பி நெல்லை அள்ளிப் போய், நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோர்ட்டர் மிசினில் கல் கறுப்பு இல்லாமல் அரிசியாக்கி நம் கடைக்கே திருப்பி அனுப்பினார்கள். நெல் குற்றுகிற எங்கள் பழைய இரும்பு ஹலரில் குறுணல் அதிகம் விழும். அதை வைத்துக்கொண்டு அவர்களோடு எப்படிப் போட்டி போடுவது? வாப்பா மிசின்களை விற்று, அந்தக் காசில் கூடத்தை வீடாக்கித் தந்தார்.

மாப்பிள்ளை வீட்டில் சிலர், "மில்லைக் காட்டி வீடு என்கிறார்கள்" என்று பேசினார்கள். என் கணவர் உறுதியாக நின்றதால் கலியாணம் நடந்தது. அந்தப் பேச்சு வாப்பாவின் காது வரை போனதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நெல்லுக்குள் பிறந்து நெல்லோடு கிடந்த மனிதர் அவர். பெண்ணைப் பெற்ற குற்றத்துக்கு ஒரு தகப்பன் எத்தனை வீடு கட்ட வேண்டும்? வயலை விற்று, வட்டிக்கு வாங்கி, அறுபது வயதுக்கு மேலும் வெளிநாட்டில் வேலை செய்து வீடு கட்டுகிற தகப்பன்மார் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பெண் பெயரில் வீடு இருப்பது அவளுக்குப் பாதுகாப்பு என்பார்கள். உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் கூரையையும் தரையையும் அளந்து விலை பேசுவது பாதுகாப்பில் சேராது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாராவது சொல்வீர்கள். ஆலையில் குடியிருந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதும் குடியிருப்பதில் ஒரு பகுதிதான்.

சரி, கட்டட விஷயம். முதலில் கூரை. அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதில் துளை போடவோ, காய்ந்தபடி உரசிச் சுத்தம் செய்யவோ விடாதீர்கள். உடையும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் நார் நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். நாங்கள் தண்ணீர் அடித்து நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாகக் கழற்றி இறக்கினோம். இப்போது வெள்ளைத் தகரம், அடியில் வெப்பம் தடுக்கும் பஞ்சு. மாரி மழையில் தகரச் சத்தம் காதை அடைக்கும்; அந்தப் பஞ்சு அதையும் குறைக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் கூரை முழுக்கப் பறந்து போனதாம். அதனால் ஒவ்வொரு தகடும் கூரையைத் தாங்குகிற வளைக்குப் போல்ட் போட்டுத்தான் இருக்கிறது.

அப்புறம் உமி. 100 கிலோ நெல் குற்றினால் ஏறக்குறைய 20 கிலோ உமி வரும். அத்தனை வருடத் தூசும் வளைகளில் படிந்திருக்கும், காற்றாடி போட்டதும் தலையில் கொட்டும். குடிபுகுமுன் முகமூடி போட்டு, நனைத்துத் துடைத்து எடுங்கள். தவிடு படிந்த சுவர் இன்னும் மோசம். தவிட்டில் எண்ணெய் உண்டு. அது சிக்குப் பிடித்து நாறும், மேலே அடிக்கிற பெயின்ட் உரிந்துவிடும். சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, சுண்ணாம்புதான் அடித்தோம். நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் நின்ற குழியை மறக்காமல் மூடுங்கள். அதில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு வேறு இடம் வேண்டாம்.

நல்லதும் நிறைய உண்டு. மூடை நனையக் கூடாது, லொறியில் ஏற்ற வசதியாக இருக்க வேண்டும் என்று ஆலைத் தரையை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் அக்கம்பக்கத்தில் முழங்கால் தண்ணீர், எங்கள் படியோடு நின்றது. அன்று எங்கள் கூடத்தில்தான் அயலவர்கள் தங்கினார்கள். முன்பு என் வீட்டைக் குறை சொன்னவர்களும் வந்தார்கள். முன்னால் உள்ள சீமெந்துக் களத்தில் இப்போதும் போகத்துக்குப் போகம் அயலவர்கள் நெல் காயப் போடுகிறார்கள். மற்ற நாளில் பிள்ளைகளின் கிரிக்கெட்.

அலுவலக வேலைக்குப் பொறுமை வேண்டும். ஆலையை வீடாக மாற்ற உள்ளூராட்சி சபையில் வரைபடத்துக்கு அனுமதி எடுங்கள். மின்சாரத்தையும் தொழிற்சாலைக் கட்டணத்திலிருந்து வீட்டுக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். எங்களை ஓர் அலுவலகத்தில், "இது வீடா, ஆலையா?" என்று கேட்டுக் கேட்டே அலைக்கழித்தார்கள். கடைசியில் குசினியையும் தொட்டிலையும் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

வாங்குவதாக இருந்தால், மழைக்குளிரில் போய்ப் பார்க்காதீர்கள். ஜூலையிலோ ஆகஸ்டிலோ பகல் இரண்டு மணிக்கு ஒரு ஏணியோடு போய், மேல்தட்டு போட நினைக்கிற உயரத்தில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். கூரை மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.