நெருப்பும் நகர மன்றமும்

கேள்வி: அமெரிக்க நகரங்களில் தீயணைப்புப் பணியை ஒரு காலத்தில் சம்பளம் வாங்காத தொண்டர் குழுக்களே செய்துவந்தன என்று படித்தேன். துணிச்சலில் குறைவில்லாத அவர்களை விலக்கிவிட்டு நகர நிர்வாகம் ஏன் அந்தப் பொறுப்பை ஏற்றது?

பதில்: அவர்களுடைய துணிச்சலை எவரும் குறை சொன்னதில்லை. 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தொடங்கிய குழுவின் உறுப்பினர்கள் தத்தம் வீட்டிலேயே தோல் வாளிகளையும், சாமான்களை அள்ளிப்போட வலுவான பைகளையும் தயாராக வைத்திருந்தார்கள். பகலெல்லாம் பட்டறையில் உழைத்துவிட்டு நள்ளிரவு மணியோசைக்கு எழுந்து ஓடிய கைவினைஞர்கள் அடுத்தடுத்த தலைமுறைகளிலும் இருந்தார்கள். அவர்களை நன்றியோடுதான் நினைக்க வேண்டும். ஆனால் நகரங்கள் பெருகப் பெருக, குழுப் பெருமை நெருப்பை அணைக்கும் நோக்கத்தையே மிஞ்சத் தொடங்கியது. ஆற்றிலிருந்து எரியும் கட்டடம் வரை கைப்பம்பு வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒரு வண்டியின் தொட்டியிலிருந்து அடுத்த வண்டியின் தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றுவார்கள். இருபுறமும் ஆட்கள் நின்று நீண்ட கைப்பிடிகளை மாறி மாறி அழுத்துவார்கள். சில நிமிடங்களிலேயே கை ஓய்ந்துபோய் மாற்றாள் வர வேண்டியிருக்கும். வந்த தண்ணீரை அதே வேகத்தில் முன்னே தள்ள முடியாமல் தொட்டி வழிந்துவிட்டால் அந்தக் குழுவுக்கு அது பெரும் அவமானம். இத்தகைய போட்டி கைகலப்பில் முடிவது வழக்கமாகிவிட்டது. 1851இல் சின்சினாட்டியில் மரம் இழைக்கும் ஆலை ஒன்று எரிந்துகொண்டிருந்தபோது குழுக்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டன, ஆலை எரிந்துபோனது.

யாரைக் கேள்வி கேட்பது, யாரைப் பணியிலிருந்து நீக்குவது என்று தெரியாத நிலைதான் உண்மையான குறை என்பது என் கருத்து. தொண்டர் குழு தன் உறுப்பினர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும்; சம்பளம் பெறும் துறையோ, நகர மன்றத்தின் வழியாக வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஓர் இயந்திரமும் துணைசெய்தது. ஏபெல் ஷாக், அலெக்சாண்டர் லாட்டா ஆகிய இருவரும் சின்சினாட்டியில் உருவாக்கிய நீராவிப் பம்பை இழுக்க நான்கு குதிரைகள் தேவைப்பட்டாலும், தண்ணீரை ஏற்றக் கூட்டமாக ஆட்கள் தேவைப்படவில்லை. அதற்காக மன்றத்தில் வாதாடிய உறுப்பினர் ஜோ ராஸின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 1853 ஏப்ரல் 1 முதல் அந்நகரத்தில் முழுநேரச் சம்பளத் துறை இயங்கத் தொடங்கியது. முன்னாள் தொண்டரும் வார்ப்பாலை உரிமையாளருமான மைல்ஸ் கிரீன்வுட் அதன் முதல் தலைவரானார். நியூயார்க் 1865இலும், பிலடெல்பியா 1871இலும் சம்பளத் துறைக்கு மாறின. சிற்றூர்களில் இன்றும் தொண்டர்களே இப்பணியைத் தாங்கி நிற்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் பணம் ஒதுக்குவதோடு நகர மன்றத்தின் வேலை முடிந்துவிடுகிறதா?

பதில்: இல்லை. தண்ணீர்க் குழாய் எத்தனை அங்குலம், தெருவுக்கு எத்தனை ஹைட்ரண்ட் (தீயணைக்கத் தண்ணீர் எடுப்பதற்காகத் தெருவில் பதித்த குழாய்முனை), கட்டடங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பவற்றையும் நகர நிர்வாகமே முடிவுசெய்கிறது. தீயணைப்பு வண்டி வந்து சேரும் முன்பே பாதி வெற்றியோ தோல்வியோ அங்கே தீர்மானமாகிவிடுகிறது. 1904 பிப்ரவரி 7இல் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது, வாஷிங்டனிலிருந்து வண்டிகள் ரயிலேறி விரைந்து வந்தன. வந்த வீரர்கள் ஹோஸை, அதாவது தண்ணீர் பாய்ச்சும் நெகிழ்குழாயை, ஹைட்ரண்டில் பொருத்தப் பார்த்தார்கள், இரண்டையும் திருகிப் பூட்டும் திருகுமரை பொருந்தவில்லை. ஒவ்வொரு நகரமும் தனக்கென ஓர் அளவை வைத்திருந்ததால், உதவ வந்தவர்களில் பலரின் கையில் ஹோஸ் இருந்தும் தண்ணீர் கிடைக்கவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அடுத்த ஆண்டே நாடு முழுவதற்கும் ஒரே அளவு வகுக்கப்பட்டது. ஆனால் அதை ஏற்பது அந்தந்த நகரத்தின் விருப்பம் என்பதாலும், பதித்த ஹைட்ரண்டுகளை மாற்றப் பெருஞ்செலவாகும் என்பதாலும், நூறு ஆண்டுகள் கழித்து 2004இல் ஆய்வு செய்தபோது 48 பெருநகரங்களில் 18 மட்டுமே அந்த அளவுக்கு மாறியிருந்தன.