தாய் ஐஸ் டீ: தூள் போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்

பாங்காக்கில் குடித்த ஆரஞ்சு நிற டீயை வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஐஸ் போட்டதும் சப்பென்று ஆகிவிட்டது. எங்கே தப்பு?

நாம் தினமும் போடும் டீயின் அளவில் தூள் போட்டிருப்பீர்கள். இது ஐஸ் உருகப்போகிறது என்று கணக்குப் போட்டுத் தயாரிக்க வேண்டிய டீ. கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, இரண்டு மேஜைக்கரண்டி தாய் டீத்தூளைக் குவியலாகவே போட்டு ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். தூள் பொடிப்பொடியாக இருப்பதால் சல்லடை வடிகட்டியில் தப்பித்து கிளாஸின் அடியில் மண் மாதிரி தங்கும். தாய்லாந்து வண்டிக்கடைகளில் நம் ஊர் டீக்கடை மாதிரியே நீளத் துணி வடிகட்டிதான், மெல்லிய பருத்தித் துணி இருந்தால் போதும். சூட்டோடு ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேஜைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க் சேர்த்து நன்றாக ஆற்றுங்கள். இந்த நிலையில் ஒரு வாய் குடித்தால் 'அடேயப்பா, என்ன இனிப்பு, என்ன கடுப்பு' என்று முகம் சுளிக்க வேண்டும், அதுதான் பதம், ஏனென்றால் குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும். கை பொறுக்கும் சூடு வந்ததும் வாய்வரை ஐஸ் நிரப்பிய கிளாஸில் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த டின் பால்) விடுங்கள். அது ஆரஞ்சுக்குள் வெள்ளைப் புகையாக இறங்கும். கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலக்கலாம்.

எவாப்பரேட்டட் மில்க் எங்கள் ஊரில் கிடைக்கவில்லையே?

கொழுப்பு நீக்காத பாலைச் சின்னத் தீயில் பாதிக்கும் கீழே சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்துவிடுங்கள். சரியாக வரும்.

அந்த நிறம் எதிலிருந்து வருகிறது? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

தேயிலையிலிருந்து இல்லை, சாயத்திலிருந்து. தாய்லாந்தில் 1945 முதல் இருக்கும் 'சா த்ரா மூ' பாக்கெட்டைத் (கட்டைவிரலை உயர்த்திய கை படம் போட்டிருக்கும்) திருப்பிப் பாருங்கள், சன்செட் யெல்லோ சேர்த்திருப்பது தெரியும். இந்தச் சாயம் சேர்த்த உணவுகளில், குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் விதி. பெரியவர்கள் எப்போதாவது ஒரு கிளாஸ் குடிப்பதற்கு நான் பயப்பட மாட்டேன். குழந்தைகளுக்கு வேண்டாம், சாயம் இல்லாவிட்டாலும் இவ்வளவு கடுப்பான டீ அவர்களுக்கு எதற்கு?

சாதாரண டீத்தூளில் போடலாமா?

தாராளமாக. அஸ்ஸாம் தூள் நல்லது, ஆனால் குருணைத் தூளில் சாறு சீக்கிரம் இறங்கிவிடும், மூன்று நிமிடத்துக்கு மேல் விட்டால் துவர்த்துப்போகும். தண்ணீரோடு ஒரு அன்னாசிப்பூ, ஒரு ஏலக்காய், கடைசியில் இரண்டு சொட்டு வெனிலா எசன்ஸ். வாசனை பக்கத்தில் வந்துவிடும், நிறம் மட்டும் பழுப்புதான். நிறத்துக்காக மஞ்சள்தூள் போடும் வேலை வேண்டாம், நான் போட்டுப் பார்த்திருக்கிறேன், ரசம் மாதிரி இருந்தது.

ஃபிரிட்ஜில் வைத்த டிகாக்‌ஷன் கலங்கிவிட்டது. கெட்டுவிட்டதா?

ஒரு நாள்தான் ஆகிறது, வாடையும் இல்லை என்றால் கெடவில்லை. டீ குளிரும்போது அதன் துவர்ப்புப் பொருட்களும் கஃபீனும் ஒட்டிக்கொண்டு கலங்கலாகத் தெரியும். லேசாகச் சுடவைத்தால் தெளிந்துவிடும்.

எலுமிச்சை பிழியலாமா?

பால் சேர்த்ததில் பிழிந்தால் திரிந்துவிடும். பாலே சேர்க்காமல் டிகாக்‌ஷன், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஐஸ் மட்டும் போட்டால் அதற்கு அங்கே 'சா மனாவ்' என்று பெயர். உச்சி வெயிலுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.