ஸ்நோ தள்ளுவதும் முற்றம் கூட்டுவதும்

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை உவர்மலைக்காரன். 1998 கடைசியில் கனடாவுக்கு வந்தேன், இப்போது ஸ்காபரோவில் இருக்கிறேன். போன வருடம் வரை டிரைவ்வேயில் விழும் ஸ்நோவைத் தள்ள ஒருவருக்குக் காசு கொடுத்து வந்தேன். இந்தக் குளிருக்குப் பழைய ஸ்நோ புளோவர் ஒன்றை வாங்கி நானே தள்ளுகிறேன். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது வருகிற திருப்தியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "பின்னேரம் திரும்பக் கொட்டும் அப்பா" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒரே எரிச்சல், நான் முடித்த பிறகு வீதி வழிக்கிற வண்டி வந்து வாசலில் வரம்பு கட்டிவிட்டுப் போவது.

என் அம்மா தினமும் விடிய முற்றம் கூட்டுவார். அவருக்கும் இந்தச் சந்தோஷம்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். இதில் ஏதும் இருக்கிறதா, இல்லை எனக்கு வயது போகிறதா? மார்ச்சில் ஊருக்கு வருகிறேன், வசதிப்பட்டால் சந்திக்கலாம்.

க., ஸ்காபரோ

அன்புள்ள தம்பி க.,

வயதும் போகிறதுதான். ஆனால் அந்தத் திருப்தி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

ஒரு ஜனவரியில், உங்கள் டொரொண்டோவுக்குக் கிட்ட மார்க்கம் நகரில் என் தங்கை வீட்டில் நின்றேன். இரவு முழுக்கக் கொட்டியிருந்தது, ஒரு சாண் உயரம் இருக்கும். விடிய யன்னலைத் திறந்தால் ஒரு சத்தமும் இல்லை. புதிதாக விழுந்த ஸ்நோ சத்தத்தைக் குடித்துவிடும் என்று தங்கையின் மகன் சொன்னான். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. கடல் இரையாத ஊரில் எனக்கு நித்திரையும் வராது. அவர்கள் எழும்ப முதல் மச்சானின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய், கராஜ் கதவோடு சாத்தியிருந்த, ஸ்நோ தள்ளுகிற பிளாஸ்ரிக் சவலை எடுத்தேன். தார்த் தரையில் அது உரசுகிற சத்தம் கேட்டதும்தான் ஊர் ஞாபகம் வந்தது. ஈர்க்குமாறு மண்ணில் இழுபடுகிற சத்தத்துக்கு அது தம்பி முறை.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கார் விடுகிற டிரைவ்வே, 6 மீற்றருக்கு 10 மீற்றர். 20 சென்ரிமீற்றர் ஸ்நோ விழுந்தால் 12 கனமீற்றர். லேசான புது ஸ்நோ ஒரு கனமீற்றர் 100 கிலோ என்று வைத்தாலும் 1,200 கிலோ. ஒரு சின்னக் காரின் நிறை! ஈரமாக விழுந்தால் இரண்டு மடங்குக்கும் மேலே போகும். நான் கால்வாசியோடு சவலைப் போட்டுவிட்டேன், மிச்சத்தை மச்சான் முடித்தார். ஆனால் வழித்த கறுப்பும் வழிக்காத வெள்ளையும் முட்டுகிற அந்தக் கோடு இருக்கிறதே, அதைத்தான் நான் தேநீர்க் கோப்பையோடு நின்று நெடுநேரம் பார்த்தேன். இதுவரை செய்திருக்கிறாய், இனித்தான் மிச்சம் என்று அப்படிக் கோடு போட்டுக் காட்டுகிற வேலைகள் குறைவு. எழுத்தில் அது இல்லவே இல்லை. நாற்பது பக்கம் எழுதிவிட்டு நாற்பதையும் கிழிக்கிற நாளில் எந்தக் கோட்டைப் பார்ப்பது?

வாசலில் வரம்பு கட்டிவிட்டுப் போகிற வண்டியின் கதையும் எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கைக்குக் கிரவல் பரப்ப ஒரு பெக்கோ வந்தது. போகும்போது என் படலைக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல். படலை உள்ளேயும் திறக்காது, வெளியேயும் திறக்காது. பக்கத்து வீட்டுப் பெடியனும் நானும் மண்வெட்டியோடு அரை நாள் நின்றோம். அதே குனிவு, அதே வியர்வை, ஆனால் துளியும் திருப்தி இல்லை. அடுத்தவன் கொட்டியதை அள்ளுகிறபோது வாயில் வருவது வேறு பாட்டு. அது போகட்டும். உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் வழித்த ஸ்நோவை வீதிக்குத் தள்ளக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே படலைக்கு வெளியே தள்ளினால் வேலை முடிந்தது என்று நினைக்காதவர் யார்?

இனி உங்கள் அம்மாவின் விஷயம். இதில் உங்களோடு எனக்கு வழக்கு இருக்கிறது.

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரை ஏறியது. விடிந்தபோது வளவு முழுக்க வேப்பங்கொப்பும் முருங்கைக் கொப்பும். அன்றைக்குத்தான் எங்கள் ஒழுங்கையில் ஆண்கள் எல்லோரும் கத்தியும் தும்புத்தடியும் பிடித்து நின்றதை முதல் தடவை பார்த்தேன். நல்லாத்தான் வேலை செய்தார்கள். பத்து மணிக்கு ஆளாளுக்குத் தேநீர் போனது, படமும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விட்டு வழமையான சருகு விழத் தொடங்கியதும் தும்புத்தடிகள் பழைய கைகளுக்கே திரும்பிவிட்டன.

ஸ்நோவும் புயல் மாதிரித்தான் தம்பி. அது ஒரு சம்பவம். செய்தியில் சொல்கிறார்கள், பள்ளிக்கூட பஸ் நிற்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த அந்த முதல் குளிரிலேயே, 1999 ஜனவரியில், டொரொண்டோ மேயர் ஸ்நோ அள்ள இராணுவத்தையே கூப்பிட்டார். (அதே வருடம் திருகோணமலையில் வாசலில் இராணுவம் என்றால் நாங்கள் என்ன நினைத்திருப்போம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) அம்மாமார் கூட்டியது அப்படி இல்லை. கச்சான் காற்றில் ஆடி மாதம் முழுக்கச் சருகு, மாரியில் ஈரச் சருகு, மான்கள் திரிகிற திருகோணமலைக் கோட்டைக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டில் மேலதிகமாக மான் புழுக்கை. சருகு விழுந்ததற்காக யாரும் அவர்களைத் தேநீரோடு பார்த்துக்கொண்டு நின்றதில்லை. கூட்டாமல் விட்டால்தான் கண்டார்கள். என் அப்பா சாய்மனைக் கதிரையில் பேப்பரோடு இருப்பார், அம்மா கதிரைக்குக் கிட்ட வரும்போது இரண்டு காலையும் தூக்குவார். அவ்வளவுதான் அவருடைய பங்கு. ஆகவே உங்கள் சந்தோஷத்தை அப்படியே தூக்கி உங்கள் அம்மாவின் கையில் வைக்காதீர்கள். நீங்கள் விரும்பி எடுத்த வேலை அது. காசு கொடுத்து விட்டுவிடவும் உங்களால் முடியும்.

இப்படித்தான் நான் கனகாலம் நினைத்திருந்தேன். அப்புறம் அம்மாவுக்கு எழுபது தாண்டி முழங்கால் மடங்காமல் போனபோது கூட்டுவதற்கு ஒரு பிள்ளையைப் பிடித்தேன். அந்தப் பிள்ளை ஆறு மணிக்கு வந்து பளிச்சென்று கூட்டிவிட்டுப் போகும். ஆறரைக்கு அம்மா எழும்பி, கிணற்றடியிலிருந்து திரும்ப முழு முற்றத்தையும் கூட்டுவார். "ஏனம்மா, துப்புரவாத்தானே கிடக்கு?" என்றால், "அவள் முன்னால நடந்து கூட்டுறாள், கால் தடம் விழுது" என்பார். அம்மா பின்னால் நகர்ந்துதான் கூட்டுவார். வெள்ளை மண்ணில் விசிறி விசிறியாக ஈர்க்குக் கோடுகள், ஒன்றின் விளிம்பில் அடுத்தது, தடம் ஒன்றும் இருக்காது. முடித்து விறாந்தைப் படியில் ஏறி நின்று ஒரு தரம் பார்ப்பார். முதல் காகம் வந்து நடக்கும் வரை. காகம் நடந்ததும் உள்ளே போய்விடுவார்.

இதைக் கடமை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. உங்கள் அம்மாவும் படியில் ஏறி நின்று பார்த்தாரா? பார்த்திருந்தால் வழக்கில் பாதியை உங்களுக்கு விட்டுத்தருகிறேன்.

ஒரு விஷயம் அக்காவாகச் சொல்கிறேன். மெஷின் இருந்தாலும் அந்த வரம்பை உடைக்கச் சவல்தான் வேண்டும் என்று தெரியும். குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், அதில் திடீரென்று பாரம் தூக்கினால் இதயத்துக்குக் கூடாது. நித்திரைப் பாயால் எழும்பிய உடனே போகாதீர்கள். தூக்கி எறியாமல் தள்ளுங்கள், நெஞ்சு இறுகினால் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள். உப்பு தூவுவதும் பத்துப் பாகை உறைநிலைக்குக் கீழே போனால் பெரிதாக வேலை செய்யாது. உப்புவெளி என்று பெயர் வைத்த ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன், கேளுங்கள்.

மார்ச்சில் கட்டாயம் வாருங்கள். பங்குனியில் எங்கள் வேம்பு இலை கொட்டுகிற நேரம், வளவு நிறையக் கிடக்கும். ஈர்க்குமாறு படலைக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. விளக்கு வைக்க முதல் வந்துவிடுங்கள், வைத்த பிறகு கூட்ட விடமாட்டேன்.

அன்புடன்,
அக்கா