கேள்வி பதில்: பின்னப் பெருக்கலுக்கு மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எதற்கு?

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், 3/4 × 2/5 கணக்குக்குப் பகுதிகளை (கீழே உள்ள எண்களை) சமமாக்கி 15/20 × 8/20 என்று எழுதுகிறாள். விடை 120/20, அதாவது 6 என்கிறாள். எங்கே தவறு?
வாசகி, பெரம்பூர்

பதில்: கூட்டல் பழக்கம் பெருக்கலுக்குள் புகுந்துவிட்டது. கூட்டும்போதுதான் பகுதி 20 அப்படியே நிற்கும். பெருக்கலில் பகுதியையும் பெருக்க வேண்டும்; அப்படிச் செய்தால் 120/400, சுருக்கினால் 3/10. விடை சரிதான், ஆனால் வீண் உழைப்பு. பகுதிகளைச் சமமாக்க மீ.சி.ம. காணத் தேவையே இல்லை. தொகுதியை (மேலே உள்ள எண்ணை) தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் பெருக்கினால் 6/20, அதுவே 3/10.

ஏன் என்பதைக் காகிதத்தில் காட்டிவிடுங்கள். ஒரு தாளை நெடுக்காக 4 பட்டைகளாக மடித்து 3 பட்டைக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். அதே தாளைக் குறுக்காக 5 பட்டைகளாக மடித்து 2 பட்டைக்கு வேறு வண்ணம். மொத்தம் 20 கட்டங்கள். இரண்டு வண்ணமும் விழுந்தவை 6. முக்காலில் ஐந்தில் இரண்டு பங்கு என்பது முக்காலைவிடச் சிறியதாகத்தானே இருக்கும்? 6 என்ற விடையைப் பார்த்ததுமே குழந்தைக்குச் சந்தேகம் வர வேண்டும்.

நம் பேச்சிலேயே இந்தப் பெருக்கல் இருக்கிறது. காலில் அரை, அரைக்கால்: 1/2 × 1/4 = 1/8.

பெரிய எண்கள் வந்தால் பெருக்கும் முன்பே அடித்துவிடுவது நல்லது. 8/15 × 25/28 என்றால் 8, 28 இரண்டையும் நான்கால் வகுக்க 2, 7. 25, 15 இரண்டையும் ஐந்தால் வகுக்க 5, 3. விடை 10/21. அடிக்கும்போது மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே உள்ள இரண்டையும் சேர்த்து அடித்தால் கணக்கு கெட்டுவிடும்.

கேள்வி: 2½ × 1½ = 2¼ என்று என் தம்பி சொல்கிறான். சரியா?
வாசகர், தாம்பரம்

பதில்: இல்லை, 3¾. முழு எண்ணை முழு எண்ணோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் மட்டும் பெருக்கியிருக்கிறார். 2 × ½ = 1, ½ × 1 = ½ என்ற இரண்டும் விட்டுப்போயின. கலப்புப் பின்னத்தை முதலில் தகா பின்னமாக மாற்றச் சொல்லுங்கள்: 5/2 × 3/2 = 15/4.

கேள்வி: ஒன்றரை கிரவுண்டு மனையில் முக்கால் பங்கு எத்தனை சதுர அடி?
வாசகர், மாதவரம்

பதில்: 3/2 × 3/4 = 9/8, அதாவது ஒன்றே அரைக்கால் கிரவுண்டு. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. ஆகவே 2700 சதுர அடி.