மலைக்கு அடியில் நெருப்பில்லை: கேள்வி பதில்

அடைமழை பிடித்தால் எங்கள் பக்கம் "எரிமலை வெடிக்கப் போகுதாம்" என்ற பேச்சும் கூடவே கிளம்பிவிடுகிறது. முப்பது வருடம் பாறை அளவைக் குழுக்களோடு மலையகம் நெடுக நடந்தவன் என்ற உரிமையில், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

மஸ்கெலியா: சேர், சிவனொளிபாத மலை கூம்பு மாதிரி இருக்கு. அணைஞ்சுபோன எரிமலைதானே?

இல்லை தம்பி. எரிமலைக் கூம்பு என்பது கக்கிய சாம்பலும் குழம்பும் அடுக்கடுக்காகக் குவிந்து வளர்வது. 2,243 மீற்றர் உயரமுள்ள நம் மலை குவிந்து வந்ததல்ல, செதுக்குண்டு நிற்பது. மலைநாட்டில் எங்கே கல் உடைத்தாலும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை ஓடும். பல இடங்களில் நடுவே சிவப்பு மணிகளாகக் கார்னெட் இருக்கும். அது நைஸ் பாறை. ஏறக்குறைய 55 கோடி வருடங்களுக்கு முன், கோண்டுவானா பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், நிலத்துக்கு அடியில் இருபது கிலோமீற்றருக்கும் கீழே 800 பாகை வெப்பத்தில் வெந்து உருமாறியது. மடகஸ்காரும் கிழக்கு அண்டார்ட்டிகாவும் அன்று நமக்குப் பக்கத்து வீடுகள். மேலே இருந்த மலைத்தொடர் முழுக்கத் தேய்ந்துபோக, அதன் அடிவேர் இன்று வெளியே தெரிகிறது. அந்த வேரின் மேல்தான் நாம் கொழுந்து பறிக்கிறோம்.

ஹட்டன்: இந்தோனேசியாவில் அத்தனை எரிமலை, இங்கே ஏன் ஒன்றுமில்லை?

பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அங்கே கடலடித் தட்டு, இந்தோனேசியாவைத் தாங்கும் சுந்தா தட்டின் கீழ் சாய்ந்து இறங்குகிறது. சுமார் 100 கிலோமீற்றர் ஆழம் போனதும் அதன் கனிமங்களில் கட்டுண்டிருந்த தண்ணீர் பிரிந்து மேலே உள்ள பாறைக்குள் ஏறுகிறது. தண்ணீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். பாறைக்குழம்பு பிறப்பது அப்படித்தான். நாமோ தட்டு ஓரத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறோம். ஆனாலும் 1883 ஆகஸ்ட் 27இல் கிரக்கட்டோவா வெடித்தபோது எழுந்த கடலலை காலி வரை வந்தது. சத்தம் 4,800 கிலோமீற்றர் தள்ளி ரொட்ரிகஸ் தீவில் கேட்டது.

மாத்தளை: அப்போ திருகோணமலைப் பக்கம் கன்னியா வெந்நீர் ஊற்று?

மழைநீர் ஆழமான பிளவுகளில் இறங்கி, பூமியின் இயல்பான சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. கீழே போகப் போக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 25 முதல் 30 பாகை வரை கூடும். மகாஓயாவிலும் இதே கதைதான்.

நானுஓயா: எரிமலை எப்போ வெடிக்கும் சேர்?

வெடிக்காது. முதல் பதிலைப் படியுங்கள்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற தோட்ட அதிகாரி: ஜாவாவில் தேயிலை எரிமலை மண்ணில் வளருது. இங்கேயும் செம்மண், இங்கேயும் தேயிலை. நீங்கள் மறுப்பது சரியில்லை.

ஐயா, சிவப்பு நிறம் இரும்புத் துரு. கார்னெட், கருமைக்கா போன்ற இரும்புள்ள கனிமங்கள் எந்தப் பாறையில் இருந்தாலும், வெப்பநாட்டு மழையில் உக்கினால் மண் சிவக்கும். இளம் எரிமலைச் சாம்பல் மண்ணோ பெரும்பாலும் கறுத்து, பஞ்சுபோல் இருக்கும். தேயிலை கேட்பது அமிலத்தன்மையுள்ள மண்ணும் நீர் நிற்காத சரிவும். அது இரண்டு இடத்திலும் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

அதே ஐயா: இலங்கையில் பாறைக்குழம்பே மேலே வந்ததில்லை என்று எழுதித் தருவீர்களா?

தரமாட்டேன், ஏனென்றால் வந்திருக்கிறது. கிழக்குப் பக்கம் பழைய பாறையின் பிளவுகளில் டொலரைட் என்ற கறுப்புக் குழம்புப்பாறை சுவர் சுவராக உறைந்து கிடக்கிறது. டைனோசர் காலத்துச் சரக்கு. அவற்றில் ஒன்றான கல்லோடைச் சுவரைப் பற்றிப் பாறை படித்த எல்லாருக்கும் தெரியும். குழம்பு நிலத்துக்குள் உறைந்தது என்பதற்கு அது சாட்சி. சிவனொளிபாதம் எரிமலை என்பதற்குச் சாட்சியல்ல. உங்கள் தோட்டத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கழுவிப் பாருங்கள். குவாட்ஸ் மணல் நிறையத் தங்கும். நைஸ் உக்கிய மண் அது.

கொஸ்லந்தைப் பக்கம், ஒரு அக்கா: லயத்துக்கு மேலே நிலம் வெடிச்சிருக்கு. காலையில புகை மாதிரி வருது. பயமா இருக்கு.

அக்கா, அந்தப் புகை ஈர மண்ணின் ஆவி. ஆனால் அந்த வெடிப்புக்கு நீங்கள் பயப்பட வேண்டும். இன்றே பிள்ளைகளோடு இறங்குங்கள். மற்றக் கேள்விகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

கெட்டிப் பாறை மேல் தளர்ந்த மண் பல மீற்றர் தடிப்பில் உட்கார்ந்திருக்கிறது. மழைநீர் உள்ளே இறங்கி நிரம்பினால் மண்துகள்களை விலக்கித் தூக்கும். பிடி விட்டதும் முழுச் சரிவும் வரும். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் லயங்கள் அப்படித்தான் புதைந்தன. வெடிப்பு விரிவது, மரங்கள் சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, இல்லாத இடத்தில் ஊற்று பிறப்பது, ஊற்று நீர் கலங்குவது, ஓடிய ஊற்று நிற்பது: இதில் ஒன்றைக் கண்டாலும் சாமான் எடுக்க நிற்காதீர்கள். பக்கத்து லயத்துக்கும் குரல் கொடுங்கள். பிறகு கிராம அலுவலருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள்.

இரத்தினபுரி: நம்ம ஊரில் வைரம் ஏன் இல்லை?

வைரத்தை ஆழத்திலிருந்து ஏற்றிவரும் கிம்பர்லைட் குழாய்கள், அதாவது குழாய் வடிவில் உறைந்த குழம்புப்பாறைகள், நம்மிடம் இல்லை. நீலக்கல்லுக்கு உருமாறிய பாறை போதும்.

வெலிமடை: எங்கள் மலை எரிமலையா?

இல்லை. மலையில் வெடிப்பு கண்டால் அக்காவுக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

திகன: 2020இல் நிலம் அதிர்ந்ததே?

சிறு நில அதிர்வுகள். பழைய பிளவுகளில் அழுத்தம் தளர்ந்தாலும் அதிரும், அதற்குப் பாறைக்குழம்பு தேவையில்லை.

ஹப்புத்தளை, ஒன்பதாம் ஆண்டு மாணவி: சேர், முதலில் என்ன கல் சேர்க்கலாம்?

கார்னெட் உள்ள நைஸ், பிள்ளை. வீதி வெட்டிய மண்சுவரில் ஏறித் தேட வேண்டாம், மழைக்குப் பிறகு அதன் அடியில் நிற்கவும் வேண்டாம். வெயில் நாளில் அப்பாவோடு ஓடைக்குப் போய்ப் பட்டை போட்ட கல்லாகப் பார்த்து எடுங்கள். கழுவி வெயிலில் திருப்பினால் மாதுளை முத்துப்போல் சிவப்பு தெரியும். தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள்.