கணினிக் கேள்வி-பதில்: டாங்கிள் குறுந்தட்டாகத் தெரிகிறதே!

கேள்வி: மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். பழைய மடிக்கணினியில் என் தம்பி விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தான். வீட்டில் வைஃபை கிடையாது. என் கைப்பேசியை நான் வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுகிறேன். பீரோவில் கிடந்த ஹுவாவே இ173 டாங்கிளை, அதாவது சிம் போட்டு இணையம் பெறும் யுஎஸ்பி குச்சியை, செருகினால் திரையில் குறுந்தட்டுப் (சிடி) படம்தான் வருகிறது, இணையம் வரவில்லை. "இது விண்டோஸில் மட்டும்தான் ஓடும், தூக்கிப் போடுங்கள்" என்கிறார்கள் கடையில். உண்மையா?
— வாசகி ஒருவர், பென்னாகரம்

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா. கடையில் சொன்னது தவறு. அந்தக் குறுந்தட்டுப் படம் வருகிறதே, அதுவே டாங்கிளுக்கு உயிர் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

இந்த வகை டாங்கிளுக்கு இரண்டு வேடம் உண்டு. செருகியதும் முதலில் தன்னை ஒரு குறுந்தட்டு இயக்கி என்றுதான் கணினியிடம் சொல்லிக்கொள்ளும். விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருளை அதற்குள்ளேயே பதித்து விற்றார்கள். விண்டோஸில் அந்த மென்பொருள் நிறுவப்பட்டதும், 'மோடமாக (இணையத்தோடு இணைக்கும் கருவியாக) மாறு' என்ற கட்டளை டாங்கிளுக்குப் போய்விடும். லினக்ஸில் அந்த மென்பொருள் ஓடாது, கட்டளையும் போகாது. டாங்கிள் முதல் வேடத்திலேயே காத்துக் கிடக்கும்.

கட்டளையை அனுப்புவதற்கென்றே யோசுவா டீட்ஸே என்பவர் 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற நிரலை எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அது அனுப்பும் செய்தி வெறும் 31 பைட். அதில் முதல் நான்கு பைட்டுகள் யு, எஸ், பி, சி என்ற எழுத்துகள். இவ்வளவு சின்னச் செய்தி போய்ச் சேராததால்தான் எத்தனையோ நல்ல டாங்கிள்கள் குப்பைக்குப் போயின. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

நிரலை நிறுவ இணையம் வேண்டுமே என்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கைப்பேசியை யுஎஸ்பி வடத்தால் மடிக்கணினியுடன் இணைத்து, கைப்பேசி அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள்; கைப்பேசியின் இணையம் வடம் வழியே மடிக்கணினிக்கு வரும். பிறகு மென்பொருள் நிறுவும் செயலியான சினாப்டிக்கில் தேடி யுஎஸ்பி மோட்ஸ்விட்ச், மோடம் மேனேஜர் இரண்டையும் நிறுவுங்கள். டாங்கிளைப் பிடுங்கி மறுபடி செருகி, அரை நிமிடம் பொறுத்திருங்கள்.

வேடம் கலைந்ததா என்று கண்ணால் பார்த்துவிடலாம். டெர்மினலை (கட்டளை தட்டும் சாளரம்) திறந்து எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். ஹுவாவே என்று வரும் வரியில் 12டி1:1446 என்று இருந்தால் டாங்கிள் இன்னும் குறுந்தட்டுதான். மாறியிருந்தால் பின்பாதி வேறு எண்ணாக இருக்கும். என்னிடம் உள்ள இ173-இல் 1436. இந்த ஒரு வரியைப் பார்க்கத் தெரியாமல் 2012-இல் நான் இரண்டு நாளை இழந்தேன். சிம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து வெயிலில் வரிசையில் நின்று மாற்றியும் வந்தேன். பழைய சிம்மில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள் என்கிறேன்.

அடுத்தது சிம். இ173-க்கு 2ஜி, 3ஜி மட்டுமே தெரியும். ஜியோ தொடக்கத்திலிருந்தே இவ்விரண்டையும் தராததால் அந்த சிம் இதில் வேலை செய்யாது. டாங்கிளின் வாய் பழைய பெரிய சிம்முக்கானது. இன்றைய நானோ சிம்மை அடாப்டர் சட்டத்தில் பொருத்தாமல் நுழைத்தால் உள்ளே சிக்கிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. சிம்மில் 'பின்' (PIN) எண் பூட்டு இருந்தால் கைப்பேசியில் போட்டு முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

பிறகு நெட்வொர்க் அமைப்பில் 'மொபைல் பிராட்பேண்ட்' இணைப்பு ஒன்றைப் புதிதாக உருவாக்குங்கள். பிஎஸ்என்எல் சிம் என்றால் ஏபிஎன் (நிறுவனத்தின் இணைய நுழைவாயில் பெயர்) கட்டத்தில் 'பிஎஸ்என்எல்நெட்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைவெளி இல்லாமல். பயனர்பெயர், கடவுச்சொல் கட்டங்களைக் காலியாக விடுங்கள்.

டாங்கிளின் விளக்கையும் கவனியுங்கள். பச்சை விட்டுவிட்டு இரண்டிரண்டாக மின்னினால், மின்சாரம் மட்டும் வந்திருக்கிறது, கைப்பேசிக் கோபுரத்தின் சிக்னல் இன்னும் கிடைக்கவில்லை. ஒற்றையாக மின்னும் பச்சை 2ஜி, ஒற்றையாக மின்னும் நீலம் 3ஜி. இணைந்ததும் நிலையாக எரியும். 3ஜி-யில் இதன் உச்ச வேகம் விநாடிக்கு 7.2 மெகாபிட், 2ஜி மட்டும் கிடைத்தால் பாடக் குறிப்புகளை இறக்கலாம், வீடியோ வகுப்புக்குப் போதாது. மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இணைப்பு வந்து வந்து அறுந்தால் மின்சாரக் குறையாக இருக்கலாம். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லியாம்பியர். சிக்னல் பலவீனமான இடத்தில் டாங்கிள் அதை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சும். தேய்ந்த துளையை விட்டு அடுத்த துளையில் செருகிப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு மேல் போகாத நல்ல நீட்டிப்பு வடம் இருந்தால், டாங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். சிக்னலுக்கு நான் கண்ட நல்ல வழி இதுதான்.

இத்தனைக்குப் பிறகும் இணையம் வரவில்லை என்றால், அந்த ஐந்தெழுத்துக் கட்டளை காட்டும் ஹுவாவே வரியை அப்படியே ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். விளக்கின் நிறத்தையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழிலேயே பதில் தருகிறேன்.