மலைப்பாதைல கார் இடிச்சிருச்சுன்னா முதல்ல என்ன பண்ணணும்?

குடும்பத்தோட சொந்தக் கார்ல ஊட்டி வர்றீங்க, வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா என்ன செய்யறதுன்னு கேட்டிருக்கீங்க. ஆக்சிடென்ட்டுன்னாலே எல்லாரும் போலீஸ், இன்சூரன்ஸ்னு ஆரம்பிப்பாங்க. குன்னூர் - மேட்டுப்பாளையம் ரோட்ல வண்டி ஓட்டிப் பொழைக்கிறவன் நான், எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது மேல வளைவுல இருந்து அடுத்து இறங்கி வரப்போற வண்டிதாங்க.

அவனுக்கு வளைவு திரும்புற வரைக்கும் நீங்க நிக்கிறதே தெரியாது. மிஸ்ட் இறங்கிருச்சுன்னா சுத்தம். மூணாவது கியர்லயே இறங்கி பிரேக் சூடாகி மிதிச்சாலும் பிடிக்காம வர்ற வேனாக்கூட இருக்கலாம். அதனால ஹேண்ட் பிரேக்க இழுத்து, ஹசார்ட் லைட்ட போட்டு, உள்ள இருக்கவங்க நல்லா இருந்தா எல்லாரையும் ரோட்ட விட்டு மலைப்பக்கமா ஏத்தி நிறுத்துங்க, காருக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவுல மட்டும் யாரையும் நிக்க விடாதீங்க (மழை நேரம்னா மேல மண்ணு சரியுற மாதிரி இருக்கான்னு ஒரு பார்வை பாத்துக்கங்க). ட்ரையாங்கிள (கார்ல குடுத்திருக்க சிவப்பு எச்சரிக்கை முக்கோணம்) காருக்குப் பக்கத்துல வச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, வளைவுக்கு அந்தப் பக்கம் வைங்க, முடிஞ்சா ஒருத்தர் அங்க ஓரமா நின்னு துணியோ செல் டார்ச்சோ காட்டட்டும். டயருக்குக் கல்லு வைக்கிறவங்க போகும்போது அத எடுத்துப் போட்டுட்டுப் போங்க சாமி, ராத்திரி பைக்ல வர்றவன் அதுல ஏறித்தான் விழறான்.

அடிபட்டிருந்தா 108. எங்க இருக்கீங்கன்னு கேட்டா "ஊட்டி போற வழி"ன்னு சொல்லாதீங்க, கொண்டை ஊசி வளைவுக்கு நம்பர் போர்டு இருக்கும், இல்லன்னா கிலோமீட்டர் கல்லு, அதப் பாத்துச் சொல்லுங்க. எல்லா இடத்துலயும் டவர் கிடைக்காது, அப்ப வர்ற கவர்மென்ட் பஸ்ஸ கை காட்டி நிறுத்தி டிரைவர்கிட்ட விஷயத்தச் சொல்லி விடுங்க. ரத்தம் வந்தா துணி வச்சு அழுத்திப் பிடிங்க, கழுத்து முதுகுல அடின்னா கார்ல தீ, புகைன்னு இல்லாத வரைக்கும் இழுத்து வெளிய போடாதீங்க. செலவ நெனச்சுத் தயங்க வேண்டாம், 2021ல இருந்து தமிழ்நாட்டுல 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கு, அதுல சேர்ந்த ஆஸ்பத்திரில முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம், வெளி மாநிலத்துக்காரங்களுக்கும் உண்டு. உதவி பண்ணவங்கள கேஸ்ல இழுக்கக் கூடாதுன்னும் 2019ல சட்டத்துலயே சேத்துட்டாங்க.

அடுத்தது சண்டை. நடு ரோட்டுல நின்னு யார் மேல தப்புன்னு பேசாதீங்க, ரெண்டு பக்கமும் வண்டி தேங்கிரும். நாலு பக்கமும் போட்டோ எடுங்க, நம்பர் பிளேட், டயர் தடம் எல்லாம் தெரியணும், அப்புறம் ஓரங்கட்டுங்க. வெறும் பம்பர் கீறல்னா பேசி முடிக்கிறதே மேல், சின்ன க்ளெய்முக்காக நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாததுக்கு பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடி) போயிரும், அஞ்சு வருஷம் க்ளெய்மே போடாம வச்சிருந்தா அது 50 சதவீதம் வரைக்கும் இருக்கும். ஆனா ஒருத்தருக்குச் சின்னதா அடின்னாலும் "பரவால்லங்க, போங்க"ன்னு அவங்களே சொன்னாலும் ஸ்டேஷன்ல சொல்லிருங்க, 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்னு சட்டம். கூட்டம் கூடி அடிக்க வந்தா அங்க நிக்கணும்னு இல்ல, நேரா ஸ்டேஷனுக்குப் போயிரலாம். சி.எஸ்.ஆர். ரசீது (தகவல் குடுத்ததுக்கு ஸ்டேஷன்ல தர்ற ரசீது) கேட்டு வாங்கிக்கங்க.

மலைல நிறைய பேர் ஏமாறுற இடம் ஆயில் சம்ப்தான், இன்ஜினுக்கு அடியில ஆயில் இருக்கிற தொட்டி. ஓரத்துக் கல்லுல ஏறி அடி தட்டிரும், வெளிய ஒரு கீறலும் தெரியாது, ஸ்டார்ட்டும் ஆகும். குனிஞ்சு பாருங்க, ஆயில் சொட்டுச்சுன்னா சாவியத் தொடாதீங்க. ஆயில் இல்லாம ஓட்டி இன்ஜின் சீஸ் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் சம்புக்கு மட்டும் காசு குடுத்துட்டு இன்ஜினுக்குக் கைய விரிச்சிருவான். வண்டிய அங்கருந்து எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் பண்ணி க்ளெய்ம் நம்பர் வாங்கிருங்க. ரெக்கவரி வண்டிக்காரர்கிட்ட கொக்கி மாட்டுறதுக்கு முன்னாடி மேட்டுப்பாளையம் வரைக்கும் எவ்வளவுன்னு ரேட்டு பேசிக்கங்க, பில்லும் கேளுங்க, இழுத்துட்டுப் போற செலவுலயும் ஒரு அளவு வரைக்கும் பாலிசில கிடைக்கும்.